அழையாமல் வரும் எண்ணம் பாவமா?

கருவறையின் முன் கைகூப்பி நிற்கும் ஒருவரின் மனத்தில், தெய்வத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஆபாசமான எண்ணமொன்று மின்னி மறைகிறது. அவர் அதை அழைக்கவில்லை, அறவே வெறுக்கிறார். ஆனாலும் தான் பெரும்பாவம் செய்துவிட்டதாக நடுங்கி, பரிகாரமாக ஒரு மந்திரத்தை நூற்றெட்டு முறை சொல்கிறார். நடுவில் எண்ணம் மறுபடி குறுக்கிட்டால் முதலிலிருந்து தொடங்குகிறார். தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதை முடிக்கவே முடியாதவரும், ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுபவரும் இதே துன்பத்தில் இருப்பவர்கள்தான். ஓ.சி.டி. என்று பரவலாகச் சொல்லப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவம் இது. இதற்குச் சிகிச்சை தருவது மருத்துவ உளவியலாளரின் அன்றாட வேலைகளில் ஒன்று. ஆனால் இவர்களில் பலர் அந்த வாசலை மிதிப்பதில்லை. தங்களுக்கு வந்திருப்பது நோயல்ல, தங்கள் மனமே கெட்டது என்று நம்புகிறார்கள். எனவே சிகிச்சைக்கு முன்னால் சமயம் சார்ந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டியிருக்கிறது: அழையாமல் வரும் எண்ணம் பாவமா? இல்லை என்பதே என் வாதம். அதைச் சமயங்களின் சொந்தச் சாட்சியத்தைக் கொண்டே நிறுவ முடியும்.

முதலில் உளவியல் கண்டறிந்தது. ஸ்டான்லி ராக்மனும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், எந்த மனநோயும் இல்லாதவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் தங்களுக்கும் இத்தகைய வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். நோயாளியின் எண்ணமும் மற்றவர்களின் எண்ணமும் உள்ளடக்கத்தில் பெரிதாக வேறுபடவில்லை. மற்றவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகிறார்கள். நோயாளி அதற்குப் பொருள் தேடி அதனோடு போராடுகிறார். போராட்டம் எண்ணத்தை வளர்க்கிறது. வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று டேனியல் வெக்னர் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்த 1987ஆம் ஆண்டுச் சோதனை பலரும் அறிந்தது: அவர்களால் நினைக்காமல் இருக்க முடியவில்லை, தடை நீங்கியதும் கரடி இன்னும் அதிகமாகவே வந்தது. பரிகாரச் சடங்கைச் செய்யவிடாமல், பயத்தைத் தாங்கிக் கடக்கப் பழக்கும் சிகிச்சையை லண்டனில் விக்டர் மேயர் 1966இல் விவரித்தபோது, அவர் எழுதிய இரண்டு நோயாளிகளில் ஒருவர் தெய்வ நிந்தனை எண்ணங்களால் அவதிப்பட்ட பெண்.

சமயங்கள் இதை அறியாதவை அல்ல. சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் உள்ளத்தில் எழுவதாக நபித்தோழர்கள் முறையிட்டபோது, அந்த அச்சத்தையே ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், அடையாளமாக நபிகள் எடுத்துக்கொண்டதை ஹதீஸ் பதிவு செய்கிறது. செயலாகவோ சொல்லாகவோ ஆகாத உள்ளக் கிசுகிசுப்புகள் பொறுக்கப்படும் என்பதும் அங்கே உண்டு. கிறிஸ்தவ மரபில் பாவத்துக்கு மனத்தின் சம்மதம் தேவை. பௌத்தத்தில் வினை என்பதே எண்ணித் துணிவது. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் ஒரு சூத்திரம் வேண்டாத எண்ணங்களைக் கையாள ஐந்து வழிகளை வரிசைப்படுத்துகிறது. அவற்றில் ஒன்று, அந்த எண்ணத்துக்குக் கவனம் தராமல் விடுவது. பல்லைக் கடித்து அடக்குவதும் அந்த வரிசையில் இருக்கிறது, ஆனால் மற்றவை பலிக்காதபோது கடைசியாக. பௌத்த நூல்களுக்கும் நடத்தைச் சிகிச்சைக்கும் உள்ள இந்த ஒற்றுமைகளை ஆராய்ந்து எழுதியவரும் அதே டி சில்வாதான்.

இங்கே வலுவான மறுப்பொன்று எழும். கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர், பிறர் பொருளைக் களவாட உள்ளத்தில் நினைப்பதையே தீமை என்கிறார். இச்சையோடு பார்ப்பவன் உள்ளத்தில் ஏற்கெனவே தவறிவிட்டான் என்பது இயேசுவின் போதனை. மனத்தால் செய்யும் பாவத்தை ஒதுக்கிவிட்டால் அறத்தில் என்ன மிஞ்சும்? நியாயமான கேள்வி. ஆனால் வள்ளுவர் கண்டிப்பது கவர்ந்துகொள்வோம் என்ற தீர்மானத்தை; இயேசு கண்டிப்பது விரும்பி நிலைக்கும் பார்வையை. இரண்டிலும் மனம் அந்த எண்ணத்தின் பக்கம் நிற்கிறது. நம் நோயாளியின் மனமோ முழு பலத்தோடு எதிர்ப்பக்கம் நிற்கிறது. அவரிடம் மனசாட்சி குறையவில்லை, ஓய்வில்லாமல் அலறிக்கொண்டிருக்கிறது.

நம்பிக்கையில்லாத உளவியலாளர் வழிபாட்டில் கைவைப்பாரே என்ற அச்சமும் பலருக்கு உண்டு. கைவைக்கக் கூடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. கடவுளைப் பழிக்கச் சொல்லும் சிகிச்சை எவருக்கும் தேவையில்லை. சமயம் விலக்கியதைச் செய்யச் சொல்லவும் கூடாது. அந்தச் சமயத்தின் மற்ற அடியார்கள் எப்படி வணங்குகிறார்களோ அப்படி வணங்கு, அவர்கள் மூன்று முறை கழுவினால் நீயும் மூன்று முறையோடு நிறுத்து, எண்ணம் வந்தாலும் கோயிலை விட்டு ஓடாதே என்பதுதான் பயிற்சி. எது வழிபாடு, எது நோயின் சடங்கு என்று பிரித்துக் காட்ட, குருக்களையோ இமாமையோ பாதிரியாரையோ உளவியலாளர் கலந்தாலோசிப்பது நல்லது. தேவைப்படும்போது மனநல மருத்துவரின் மாத்திரையும் துணைக்கு வரும்.

சமய குருவுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் மன்ரேசா என்ற ஊரில் இதே வதையில் உயிரை விடும் எண்ணம் வரை போனவர். மிகத் தெளிவான பாவங்களைத் தவிரப் பழையவற்றை மறுபடி அறிக்கையிட வேண்டாம் என்று அவருடைய குரு சொன்னார். அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன, அறிவுரை பயன்படவில்லை. ஆறுதலும் இப்படித்தான். 'இது பாவமல்ல' என்று குரு ஒருமுறை சொல்வது போதனை. அதே பதிலை அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் கேட்டு ஒருவர் வரும்போது, அந்தப் பதிலே இன்னொரு பரிகாரச் சடங்காகிவிடும். அப்போது குரு செய்யக்கூடிய பெரிய உதவி, மறுபடியும் பதில் சொல்லாமல் அவரை உளவியலாளரிடம் அனுப்பிவைப்பது.