தண்டுக்குள் இருக்கும் அடையாளம்

குட்டையான தண்டு. அதன்மேல் ஓரம் மடிந்து மடிந்து விரிந்த தொப்பி. மன்னார் வளைகுடாவிலோ செங்கடலிலோ இந்த உருவத்தைக் கண்டால், சார்க்கோஃபைட்டான் என்ற மென்பவளப் பேரினம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். தொப்பியின் மேல் வரப்பு வரப்பாகவோ விரல் விரலாகவோ எழும்பியிருந்தால் லோபோஃபைட்டம். கண் அவ்வளவு தூரம்தான் துணைவரும்.

நிறத்தை நம்பக் கூடாது. அந்தப் பழுப்பு பெரும்பாலும் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளுடையது. வெளிச்சம் மாறினால் அதுவும் மாறும்.

கூட்டுடலின் சின்னஞ்சிறு உயிர்களான பாலிப்கள் விரியும் வரை காத்திருக்க வேண்டும். இறகாய்க் கிளைத்த எட்டு உணர்கொம்புகளோடு பெரியவை எழும்பும். அவற்றுக்கு நடுவே வெறும் புள்ளிகளாகச் சிறியவை தெரியும். இவை இரை பிடிப்பதில்லை; கூட்டுடல் முழுவதற்கும் நீரோட்டத்தை நடத்துகின்றன. எவ்வளவு பெரிய வேலை, எவ்வளவு சிறிய உருவம்! சைனுலேரியா என்ற இன்னொரு மென்பவளத்தில் இந்தச் சிறியவை இல்லை.

இனம் எது என்று அறிய உள்ளே போக வேண்டும். தொப்பியின் தோல், அதன் உட்பகுதி, தண்டின் தோல், அதன் உட்பகுதி: நான்கு இடங்களிலிருந்தும் கடுகளவு சதை எடுத்து, தனித்தனியாகச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் இடுவார்கள். துணி வெளுக்கப் பயன்படும் அதே கரைசல்தான். சதை கரைந்துபோகும். சுண்ணாம்புத் துணுக்குகள் வெண்தூளாக அடியில் தங்கும். அலசி நுண்ணோக்கியில் வைத்தால், தோலில் இருந்தவை சின்னஞ்சிறு கதாயுதங்கள். தண்டின் உள்ளே இருந்தவை பருத்து, உடலெங்கும் மருக்கள் கொண்டவை. தொட்டால் மெத்தென்று சுருங்கும் உயிருக்குள் இத்தனை கல்லா என்ற வியப்பு எனக்கு இன்றும் குறையவில்லை.

டச்சு அறிஞர் வெர்செவெல்ட் 1982இல் சார்க்கோஃபைட்டான் பேரினம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்தபோது நம்பியது இந்தத் துணுக்குகளைத்தான். உலகின் அருங்காட்சியகங்களில் இருந்த மூல மாதிரிகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன்.

ஆனால் துணுக்குகளும் முடிவான சாட்சி அல்ல. 1833இல் க்வாவும் கெய்மாரும் விவரித்த சார்க்கோஃபைட்டான் கிளாக்கம்தான் இந்தப் பேரினத்தில் மிகப் பரவலாக எழுதப்படும் பெயர். 2006இல் கேத்தரின் மெக்ஃபாடனும் குழுவினரும் மரபணுக்களை ஒப்பிட்டபோது, அந்த ஒரே பெயருக்குள் வெவ்வேறு மரபுவழிகள் இருப்பது தெரிந்தது. சார்க்கோஃபைட்டான், லோபோஃபைட்டம் இரண்டுக்கும் இடையிலான கோடுகூட அங்கங்கே கலைந்தது.

எனவே இப்போது மாதிரி எடுக்கும்போதே ஒரு துண்டை எத்தனாலிலும் போட்டுவைக்கிறார்கள். ஃபார்மலினில் ஊறிய பழைய மாதிரிகளிலிருந்து மரபணுவைப் படிப்பது கடினம்.