நாலு மணிப் பசி

பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்துவிட்டால் மருந்து சொல்ல ஊரே வந்துவிடும். காய்கறிக்காரர் பாகற்காயை நிறுத்துப் போடும்போதே அதன் சாற்றை எந்த வேளையில் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அம்மா ஆவாரம்பூ என்பார். பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்க்கும் டீச்சர் வெந்தயத்தை ராத்திரியே ஊறப்போடச் சொல்வார். எனக்குச் சொன்ன யாரும் காசுக்காகச் சொல்லவில்லை. எல்லாருடைய வீட்டிலும் ஒரு சர்க்கரைக்காரர் இருக்கிறார், அந்த வேதனையிலிருந்து சொல்கிறார்கள். அதனாலேயே எதையும் தட்டமுடியாமல், எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு தட்டு முழுக்க நாவல்கொட்டைப் பொடியும் வெந்தயமும் ஆவாரம்பூவும் உலர்ந்த சிறுகுறிஞ்சான் இலையும் சேர்ந்துவிட்டன.

அந்தத் தட்டில் இருப்பவை எல்லாம் சேர்த்துக்கொள்ளச் சொன்னவை. எதையாவது விடச் சொன்னவர் அநேகமாக யாரும் இல்லை. தின்றதை இன்னொன்றைத் தின்று சரிக்கட்டிவிடலாம் என்பது எவ்வளவு ஆறுதலான எண்ணம்! காலையில் ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டுக்கொண்டால் மத்தியானச் சோற்றின் அளவைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை. நான் பல காலமாக யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான். சேர்ப்பது நமக்கு ஏன் இவ்வளவு எளிதாக இருக்கிறது, ஒரு டம்ளர் இனிப்பு டீயை விடுவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு, இந்தியாவில் இருபது வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. கேரளத்தில் அது 25.5. இவ்வளவு பேரும் மன உறுதி இல்லாதவர்கள் என்று நான் நம்ப மாட்டேன். அதனால் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று என் விஷயத்திலேயே தேடிப் பார்த்தேன்.

நான் பிறந்தது மூணாறு எஸ்டேட் லயத்தில். திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். அம்மா கொழுந்து எடுத்தவர். விடியுமுன் வெல்லம் போட்ட கட்டன் சாயா, மலையில் கொழுந்து நிறுத்த பிறகு ஒன்று, சாயங்காலம் நாலு மணி வாக்கில் இறங்கி வந்ததும் இன்னொன்று. பால் கிடைக்கும் நாளைவிடக் கிடைக்காத நாள் அதிகம். அந்த வெல்லம் மறையூரிலிருந்து வரும். ஆனைமுடிக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் மறையூரிலும் காந்தளூரிலும் கரும்பு விளைகிறது. வயலோரத்துக் கொட்டகையில் பெரிய கொப்பரையில் சாற்றைக் காய்ச்சி, பதம் வந்ததும் சூடாறுவதற்குள் கையாலேயே உருட்டிவிடுவார்கள். உருட்டியவரின் விரல் பதிந்த அந்தக் கரும்பழுப்பு உருண்டைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் அதைக் கல்லால் தட்டி உடைப்பதற்கு ஒரு சத்தம் உண்டு. அந்தச் சத்தம் கேட்டால் அம்மா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

முதுகில் கூடையோடு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கும் உடம்புக்கு அந்த வெல்லம் எரிபொருள். விலை குறைவு, உடனே தெம்பு. ரேஷன் அரிசிச் சோறும் கருவாடும் கொடுக்காததை அந்த டம்ளர் கொடுத்தது. நான் கல்யாணமாகிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தேன், தமிழ் மீடியம் பள்ளியில் வேலை கிடைத்தது, மலை ஏறுவது நின்றுபோனது. நாலு மணி மட்டும் என்னோடு கூடவே வந்துவிட்டது. உழைப்புக்கென்று ஏற்பட்ட பசி, உழைப்பு போன பிறகும் அதே நேரத்துக்கு வந்து கதவைத் தட்டுகிறது.

இது எனக்கு உறுதியானது சிறுகுறிஞ்சானால்தான். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் வேலிகளில் படரும் கொடி அது. சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். பச்சை இலை இரண்டைப் பறித்து மென்றால் முதலில் கசப்பும் துவர்ப்பும். ஒரு நிமிஷம் வாயில் வைத்திருந்து துப்பிவிட்டு வெல்லத் துண்டு ஒன்றை நாக்கில் போட்டேன். அது மண் மாதிரி கரைந்தது. லேசான உப்பு, கொஞ்சம் புகை வாசம், அவ்வளவுதான். டீயைக் குடித்தால் சூடும் கசப்பும் மட்டும். அந்த இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை அறியும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்வதால் அரை மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம் வரைக்கும் இனிப்பு தெரியாது. உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும்.

அப்படி நாக்கு இனிப்பை மறந்திருந்த நேரத்திலும் எனக்கு டீ வேண்டியிருந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யார் கூடவாவது உட்கார வேண்டியிருந்தது. அன்று பிடிபட்டது: நான் விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆசை நாக்கில் இல்லை. வேலை முடிந்தது, இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று சொல்லும் அந்த நேரத்தில் இருக்கிறது. அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து உட்காரும் நேரம் அது. அதை எந்தப் பொடியும் தீர்க்காது.

அத்தையிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார், ஆனாலும் டம்ளரை நீட்டுவார். நான் வாழ்க்கைப்பட்டது கொங்குப் பக்கத்து வீட்டில். வந்தவரை வெறும் வாயோடு அனுப்பும் வழக்கம் இங்கே கிடையாது. “கருப்பட்டிதானுங்க அம்மிணி, சீனியா போட்டேன்? ஒண்ணும் பண்ணாது” என்பார். சித்தூர்த் தாலுகா பனைக்குப் பேர்போனது, கருப்பட்டி மேல் உள்ள பிரியம் இந்த மண்ணோடு வந்தது. அந்த வாசத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் கருப்பட்டியானாலும் மறையூர் வெல்லமானாலும் பெரும்பகுதி சர்க்கரையேதான். இரும்புச்சத்தும் தாதுக்களும் கொஞ்சம் இருக்கின்றன, உண்மை. அவை ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தடுத்து நிறுத்தப் போவதில்லை. பனையில் வந்ததா ஆலையில் வந்ததா என்று கணையம் விசாரிப்பதில்லை.

ஆடி மாதம் வந்தால் கடைகளில் கர்க்கடகக் கஞ்சிப் பொட்டலம் தொங்கும். நவரை அரிசி, வெந்தயம், மூலிகைப் பொடி எல்லாம் சேர்ந்தது. இந்த நவரை பாலக்காட்டுக்குப் பெருமை சேர்த்த மருத்துவ நெல், 2007இல் புவிசார் குறியீடு வாங்கியது. மழைக்காலத்தில் அந்தக் கஞ்சியின் இதம் எனக்குத் தெரியும், குறை சொல்ல மாட்டேன். அதில் தேங்காய்ப் பாலும் வெல்லமும் தாராளமாக விட்டு இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, மருந்துதானே குடித்தேன் என்று நினைத்துக்கொள்வதுதான் சர்க்கரைக்காரர்களுக்கு வினையாகிறது. மருந்து என்ற பெயர் விழுந்ததும் அளவு மறந்துவிடுகிறது. ராகியும் அப்படித்தான். அட்டப்பாடியில் இருளர்களும் முதுகர்களும் குறும்பர்களும் ராகியையும் சாமையையும் துவரையோடும் அவரையோடும் கீரையோடும் சேர்த்து விளைவித்து, சேர்த்துச் சாப்பிட்டார்கள். நிலம் கைவிட்டுப் போகப் போக அந்தச் சாப்பாடும் போயிற்று. 2013இல் அங்கே பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து நாடே திரும்பிப் பார்த்தது, அந்தத் தாய்மார்களின் சோகையும் ஊட்டக்குறைவும் அப்போதுதான் வெளியே பேசப்பட்டன. அவர்கள் தட்டிலிருந்து போன ராகியை நாம் மாவாக நைய அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி, பருப்பில்லாமல் காயில்லாமல் டம்ளரில் குடிக்கிறோம். அப்படிக் குடித்தால் ராகியும் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இயற்கை மருந்து எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. வெந்தயத்தில் உள்ள கரையும் நார்ச்சத்து சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. நான் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரைக்கே ஒரு செடிதான் மூதாதை. ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்தி வந்தார்கள். அதிலிருந்த கலேஜின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைப்பது தெரியவந்தது, ஆனால் அதை அப்படியே கொடுத்தால் நஞ்சாகவும் இருந்தது. அந்த வகைப் பொருள்களில் பாதுகாப்பான ஒன்றைத் தேடிப் போய், 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். இலையிலிருந்து மாத்திரைக்கு வந்த அந்த வழி முழுக்க எவ்வளவு, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்ற கேள்விகள்தான். அலமாரித் தட்டில் இருப்பவற்றைப் பற்றி இதே கேள்விகளைக் கேட்டால் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்திலேயே சாட்சி இருக்கிறது. இங்கே வீட்டுக்கு வீடு இரும்பன்புளி மரம் நிற்கும். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மீன்குழம்பில் நாலு காய், ஊறுகாயில் ஒரு கை என்று காலங்காலமாகச் சாப்பிட்டு வந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொலஸ்ட்ரால் குறையும் என்ற பேச்சு பரவியதும் அதைச் சாறு பிழிந்து குடிக்க ஆரம்பித்தார்கள். அதில் ஆக்சலேட் மிக அதிகம். கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளில், அந்தச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனப் பழுதுபட்டு வந்த 10 பேரைப் பற்றி 2013இல் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. மற்ற மூவர் அது இல்லாமலே தேறினார்கள். குழம்பில் சாப்பாடாக இருந்தவரை அதற்கு ஓர் அளவு இருந்தது. மருந்தானதும் அந்த அளவு போய்விட்டது.

பாகற்காய்ச் சாறும் சிறுகுறிஞ்சானும் மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிட வாய்ப்புண்டு, அதிலும் இன்சுலினோ கணையத்தைத் தூண்டும் மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு. கை நடுங்கி வியர்த்துக் கண் இருட்டுவதை அனுபவித்தவர்களுக்கு அது எவ்வளவு பயங்கரம் என்று தெரியும்.

என் நாலு மணிக்கு இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. டீ உண்டு, வெல்லம் இல்லை. கையில் கொஞ்சம் வறுத்த கடலை. அதைவிட முக்கியமாக, பக்கத்து வீட்டுச் சாந்தாக்காள் வருகிறார். டீ முடிந்ததும் இருவரும் வாய்க்கால் கரையில் நடக்கிறோம். சாப்பிட்ட பிறகு நடந்தால் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அந்த நடை அம்மாவின் சரிவுக்கு ஈடாகாது, ஆனால் பேச ஆள் இருக்கிறது. சோறு மத்தியானம் மட்டும், மட்டை அரிசியில், தட்டில் காய்க்கு அடுத்த இடத்தில். கல்யாண வீட்டுப் பாலடைப் பிரதமனுக்கு நான் இன்னும் கை நீட்டுகிறேன், கால் டம்ளரோடு எழுந்துகொள்கிறேன். சில வாரங்களில் எல்லாம் குலைந்துபோகும். பரீட்சை நேரத்தில் கட்டாயம் குலையும்.

அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்கென்று கிளினிக் நடக்கும் நாளில் வரிசை நீளமாக இருக்கும். டாக்டருக்கு ஓர் ஆளுக்குச் சில நிமிஷம்தான். அவர் மாத்திரையைக் கேட்பார், அளவைப் பார்ப்பார். என்னென்ன இலை, என்னென்ன சாறு என்று அந்த வரிசையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. திட்டுவார்களோ என்ற பயம். நான் போன தடவை சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போனேன்: வெந்தயம், தினமும், ஒரு ஸ்பூன். நாவல்கொட்டைப் பொடி, எப்போதாவது. சிறுகுறிஞ்சான், நிறுத்திவிட்டேன். டாக்டரம்மா படித்துப் பார்த்துவிட்டு வெந்தயத்தின் அளவை மட்டும் திருப்பிக் கேட்டார், சீட்டில் குறித்துக்கொண்டார். எனக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, “இதெல்லாம் சொல்லணுமா டீச்சர்?” என்று கேட்டார். தன் பையிலிருந்து பேனாவைத் தேடி எடுத்தார். அவருடைய பட்டியல் என்னுடையதைவிட நீளம்.