நம்புவது வேறு, விசாரிப்பது வேறு

2009-இல் கோவா பல்கலைக்கழகத்தில் மாணவிகள் சிலர் தங்கள் துறைத்தலைவர் மீது பாலியல் புகார் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் குழு விசாரித்தது. ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து ஜூன் முதல் வாரத்தில் அறிக்கை தயார். மே மாதத்தில் அமர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின. அவர் அவகாசம் கேட்டார். குழு அவர் இல்லாமலேயே விசாரணையை முடித்தது. 2010-இல் பணிநீக்கம். 2012-இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. 2009 மே 5 அன்று விசாரணை எந்த நிலையில் இருந்ததோ, அங்கிருந்து மறுபடி தொடங்கச் சொன்னது.

பதினான்கு வருஷம். அவர் நிரபராதி என்று தீர்ப்பு சொல்லவில்லை. மாணவிகள் பொய் சொன்னார்கள் என்றும் சொல்லவில்லை. அவசரத்தில் இயற்கை நீதி மிதிபட்டது என்று மட்டும் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு அந்த ஆசிரியரை விட அந்த மாணவிகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். கல்லூரிப் பெண்ணாக நடுங்கிக்கொண்டு சொன்ன ஒன்றை, வேறொரு வாழ்க்கைக்குள் போய்விட்ட பிறகு திரும்ப வந்து சொல்லச் சொன்னால் யார் வருவார்கள்? குழு அவர்கள் பக்கம் நின்றதாக நினைத்துத்தான் அவசரப்பட்டிருக்கும். அந்த அவசரத்தின் விலையில் பெரும்பங்கு அவர்கள் தலையில் விழுந்தது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயமாக நடந்துகொள்வது புகார் கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உள்ளூர இருக்கிறது. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. நியாயமாக விசாரிக்கத் தெரியாத குழு முதலில் காயப்படுத்துவது புகார் கொடுத்தவரைத்தான்.

"பெண்களை நம்புங்கள்" என்று சொல்கிறோம். தோழி அழுதுகொண்டு வந்தால் நம்ப வேண்டும், அது தோழமையின் கடமை. ஆனால் விசாரிப்பவர் தோழி அல்ல. அவர் முன்கூட்டியே நம்பிவிட்டால் அவர் எழுதும் அறிக்கைக்கு மதிப்பில்லை. முன்கூட்டியே சந்தேகப்பட்டால் யாரும் அவரிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் செய்யவேண்டியது மூன்றாவது ஒன்று: சொல்லப்படுவதை முழு எடையோடு எடுத்துக்கொண்டு, எது நடந்திருந்தாலும் அது தெரியவரும் விதத்தில் கேட்பது. இது நல்ல மனசு இருந்தால் தானாக வந்துவிடும் குணமில்லை. வெல்டிங் மாதிரி, கோடிங் மாதிரி, கற்றுக்கொள்ளவேண்டிய கைவேலை.

நான் வளர்ந்த திருவொற்றியூரில் விசாரணை என்பது புதிய வார்த்தை இல்லை. எண்ணூர் வரைக்கும் நீளும் தொழிற்சாலைத் தெருக்களில் 'டொமஸ்டிக் என்கொயரி' என்றால் படிக்காதவருக்கும் தெரியும். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்கணும், பதில் சொல்ல நாள் கொடுக்கணும், சாட்சியைக் குறுக்கே கேட்க விடணும், கூட ஒரு தொழிலாளி உட்காரணும். என் சித்தப்பா அப்படிக் கூட உட்காரப் போகிறவர். திருட்டு கேஸுக்கெல்லாம் எதுக்குப் போறீங்க என்று ஒருமுறை கேட்டேன். "அவன் எடுத்திருப்பான்னு எனக்கே தெரியும் தம்பி. எடுக்கலைன்னு சொல்லவா போறேன்? நாளைக்கு எடுக்காதவன் ஒருத்தன் அதே நாற்காலில உக்காருவான்ல, அவனுக்காகப் போறேன்" என்றார். என்கொயரி ஆபீசருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனிதான் என்பதும் அவருக்குத் தெரியும். எத்தனையோ என்கொயரி வெறும் நாடகமாக முடிந்ததைப் பார்த்தவர். அதனாலேயே ஒவ்வொரு சடங்கையும் விடாமல் கேட்டு வாங்குவார்.

கல்லூரிக் குழுவுக்கும் அதே சிக்கல் உண்டு. அதை அமைப்பது நிர்வாகம். புகார் வந்தால் பெயர் கெடுவதும் நிர்வாகத்துக்கு. இன்னொரு வித்தியாசம், திருட்டில் காணாமல் போன பித்தளையாவது சாட்சி சொல்லும். இங்கே பெரும்பாலும் இரண்டு மனிதர்களின் பேச்சு மட்டுமே மேசையில் இருக்கும்.

அப்படியானால் தொழிற்சாலை முறையை அப்படியே கொண்டுவந்து, புகார் சொன்ன பெண்ணை எதிரே உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாமா? இந்தக் கேள்வி நம் நாட்டில் ஐம்பது வருஷம் பழையது. 1972 ஜூனில் ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் சிலர் இரவில் பெண்கள் விடுதிக்குள் நுழைந்தார்கள். 36 மாணவிகள் சேர்ந்து முதல்வரிடம் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று ஆசிரியர்கள் கொண்ட குழு மாணவிகளின் வாக்குமூலத்தைத் தனியாக வாங்கியது. சந்தேகப்பட்டவர்களின் படங்களை வேறு மாணவர்களின் படங்களோடு கலந்துவைத்து அடையாளம் காட்டச் சொன்னது. பிறகு அந்த மாணவர்களை அழைத்து, குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் எழுதி வாங்கியது. எங்கள் முன்னால் சாட்சியம் வாங்கவில்லை என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973-இல் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நேருக்கு நேர் நிறுத்தினால் அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்பு ஏது, இயற்கை நீதி எல்லா இடத்துக்கும் ஒரே அளவுச் சட்டை அல்ல என்பதுதான் அதன் நிலைப்பாடு.

படங்களைக் கலந்துவைத்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாணவிகளைச் சந்தேகித்ததால் அல்ல, அவர்கள் சொல்வதை நாளைக்கு யாரும் அசைக்க முடியாதபடி செய்வதற்கு அது உதவியது. 2004-இல் சாக்ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழியைக் காட்டியது: எதிர்த்தரப்பு தன் கேள்விகளை எழுதிக் கொடுக்க, நீதிபதியே அவற்றைக் கண்ணியமான மொழியில் கேட்பது. கல்லூரிக் குழுவுக்கும் இது பொருந்தும். எதிர்த்தரப்பின் கேள்வி கேட்கப்படுகிறது, மிரட்டல் வடிகட்டப்படுகிறது. ஆனால் எந்தக் கேள்வி நியாயமானது, எது வெறும் சேறு என்று பிரிக்கத் தெரிந்தவர் நடுவில் வேண்டும்.

பயிற்சி தேவைப்படுவது இங்கேதான். "அந்நேரத்துக்கு அங்க எதுக்கும்மா போன?" என்ற கேள்வி தப்பு என்று இன்று பலருக்கும் தெரியும். "அவர் உன் கையைப் பிடிச்சாரா?" என்ற பரிவான கேள்வியும் தப்பு என்பது கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். அது அவள் வாயில் வார்த்தையை வைக்கிறது. பின்னால் அவள் சாட்சியத்தை உடைக்க அந்த ஒரு வரி போதும். "உனக்கு ஞாபகம் இருக்கிற இடத்திலிருந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு, இடையில் புகாமல், மௌனத்தைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம். அதே கேள்வியை, அதே பொறுமையோடு, எதிர்த்தரப்பிடமும் கேட்பது இன்னும் கஷ்டம்.

ஞாபகத்தைப் பற்றியும் கற்கவேண்டும். பயந்துபோனவருக்கு நிகழ்ச்சி வரிசையாக நினைவில் இருக்காது, தேதி மாறலாம், பல நாள் கழித்தும் சொல்லலாம். எனவே முரண்பாடு என்றாலே பொய் என்று முடிவு கட்டக்கூடாது. ஆனால் முரண்பாடு என்றாலே அதிர்ச்சியின் அடையாளம், ஆகவே உண்மை என்றும் முடிவு கட்டக்கூடாது. நல்ல பயிற்சி இந்த இரண்டாவது எச்சரிக்கையையும் சொல்லும்.

சட்டம் இதற்கெல்லாம் எலும்புக்கூடு கொடுத்திருக்கிறது. 2013 சட்டத்தின் விதிகளின்படி புகாரின் நகல் ஏழு வேலைநாளில் எதிர்த்தரப்புக்குப் போகவேண்டும், பதிலுக்குப் பத்து வேலைநாள். விசாரணைக்கு 90 நாள். நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல என்று 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகள் துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்றவர்கள் குழுவில் இருக்கக்கூடாது என்கின்றன. மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் வேண்டும் என்கின்றன. குழு உறுப்பினர்களுக்குத் திறன் பயிற்சி கொடுப்பதும் சட்டப்படி நிர்வாகத்தின் கடமை. நடைமுறையில் அது இரண்டு மணி நேர பவர்பாயிண்ட், ஒரு குரூப் போட்டோ, ஒரு சான்றிதழ் என்று சுருங்கிவிட நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ரகசியம் காப்பதும் ஒரு திறன்தான். 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கொடுமையில் குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று குறைந்தது 30 ஆண்டு என்ற ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதி நடந்தது. ஆனால் அதற்கு முன்பே அந்த மாணவியை அடையாளம் காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்துவிட்டது. தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒரு தகவல் இயல்பாகவே திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பது கோடு எழுதும்போதே எடுக்கப்படும் அறம் சார்ந்த முடிவு.

கல்லூரியில் கசிவு இணையதளம் வழியாக வராது. ஃபைலைத் தூக்கிப் போகும் உதவியாளர், டைப் அடிப்பவர், ஸ்டாஃப் ரூம் வாட்ஸ்அப் வழியாக வரும். தண்டையார்பேட்டையிலிருந்தோ எர்ணாவூரிலிருந்தோ குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு, விஷயம் தெருவுக்கு வந்தால் அடுத்த வாக்கியம் "படிச்சது போதும்" என்பதுதான். ரகசியத்தை உடைத்தவருக்கு விதிகள் சொல்லும் அபராதம் ஐயாயிரம் ரூபாய். அவள் இழப்பது ஒரு பட்டம்.

'நியாயமான நடைமுறை' என்பது பலம் உள்ளவர் ஒளிந்துகொள்ளும் இடம் என்ற எதிர்ப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்க் போடுகிறவரும் மார்க் வாங்குகிறவரும் சமமாக உட்காருவதில்லை. அதனால்தான் விசாரணை முடியும்வரை எதிர்த்தரப்பு அந்த மாணவியின் விடைத்தாளைத் திருத்தாமல் பார்த்துக்கொள்ளும் இடைக்காலப் பாதுகாப்பு இருக்கிறது. அது தீர்ப்பு அல்ல, தராசை நேராக நிறுத்த வைக்கும் படிக்கல். 2023 மார்ச்சில் கலாக்ஷேத்ராவில் மாணவிகள் வளாகத்தில் அமர்ந்து போராடியது நடைமுறை அதிகமாக இருந்ததால் அல்ல. உள்ளே இருந்த குழுவை அவர்களால் நம்ப முடியவில்லை. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் வெளியிலிருந்து ஒரு குழுவை அமைக்க வேண்டி வந்தது.

அமெரிக்காவில் இதே விஷயத்தில் விதிகள் 2011, 2017, 2020, 2024 என்று ஆட்சிக்கு ஆட்சி புரண்டன. 2025 ஜனவரியில் நீதிமன்றம் கடைசி மாற்றத்தையும் ரத்து செய்தது. யார் பக்கம் என்ற சண்டையாக மட்டும் இதைப் பார்த்தால் அப்படித்தான் ஆகும்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் இப்போது கல்லூரியில் இருப்பீர்கள். உங்கள் கல்லூரியின் 'விசாகா கமிட்டி'யில் யார் இருக்கிறார்கள், மாணவப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்களா நியமித்தார்களா, அவர்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தது யார், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். புகார் எதுவும் வராத நாளில் கேளுங்கள். வந்த பிறகு கேட்டால், நீங்கள் யார் பக்கம் என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.