ஆலயம் யாருக்குச் சொந்தம்?

திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பா மீனவக் கிராமம். 1960களின் தொடக்கத்தில் அங்கிருந்த புனித மரிய மதலேனாள் ஆலயத்தில் வழிபாடு நின்றது. ஆலயம் ரொக்கட் ஏவுதளத்தின் அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21இல் முதல் ரொக்கட் எழுந்தது. ஆயர் பீற்றர் பேர்னாட் பெரெய்ரா திருப்பலியின்போது கேட்டார், மக்கள் 'ஆமென்' என்றனர் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார்.

மதம் விஞ்ஞானத்துக்கு வழிவிட்டதென்று வகுப்பறையில் இதனை வியந்து கூறுகிறோம். ஆனால், ஆயரும் அரசும் சேர்ந்து கேட்டபோது, வலையை நம்பி வாழ்ந்தவனுக்கு 'முடியாது' என்று சொல்ல இடமிருந்ததா? மறுக்க இயலாதவனின் சம்மதம் சம்மதமாகுமா?

மறுத்தவர்களும் உண்டு. 2004இல் அமெரிக்காவின் பொஸ்ரன் உயர்மறைமாவட்டம், குருக்கள் குறைந்ததாலும் பணமுடையாலும், பல பங்குகளை மூடி அயற்பங்குகளோடு இணைத்தது. சிச்சுவேற் என்னும் கடலோர ஊரின் கபிரினி ஆலய மக்கள் பதினொரு ஆண்டுகளுக்கு மேலாக இரவுபகல் முறைவைத்து ஆலயத்துக்குள்ளேயே இருந்தனர். தம் காணிக்கையால் வளர்ந்தது தம்முடையதே என்றனர். உறுதியோ பேராயர் பெயரில் இருந்தது. நீதிமன்றங்கள் உறுதியையே பார்த்தன. 2016இல் வெளியேறினர்.

அதே 2004இன் இறுதியில் பொத்துவில் கரையைக் கடற்கோள் அழித்தது. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென்று அரசு அறிவித்தபோது, நம் மீனவர் முன்னும் இதே கேள்வி நின்றது.

விஞ்ஞானமும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும். ஆயினும் பள்ளிவாசலோ, தேவாலயமோ, மீன்வாடியோ, ஓர் இடத்தைக் கேட்பவர் மறுக்கும் உரிமையை முதலில் கொடுத்துவிட்டே கேட்க வேண்டும். அஃதில்லாத இடத்தில் வேண்டுகோளும் கட்டளையே.