கண்ணீந்த சிபியும் நம் கடமையும்



கொல்கத்தா மாநகரில் காலேஜ் சதுக்கத்தை அடுத்துத் தருமராஜிக விகாரை விளங்குகின்றது. அநகாரிக தருமபாலர் தோற்றுவித்த மகாபோதி சங்கத்தார் 1920-இல் அதனை நிறுவினர். அங்கே வணங்கிச் சிறிது தொலைவு நடந்தால், 1835-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியைக் காணலாம். பிணத்தைத் தீண்டுவதே இழிவென்று கருதப்பட்ட 1836-ஆம் ஆண்டில், மதுசூதன குப்தர் அக்கல்லூரியில் மனித உடலைத் தம் கையால் அறுத்து ஆராய்ந்தார். தானத்தைப் போதிக்கும் இடமும், தானமாய் வந்த உடல் பயன்படும் இடமும் இவ்வளவு அண்மையில் உள்ளன. நம்மவர் உள்ளத்திலோ இவ்விரண்டும் இன்னும் வெகுதொலைவில் நிற்கின்றன.

தான பாரமிதையை மூன்று படியாக வகுப்பர் பெரியோர். பொருளை ஈவது முதற்படி. உறுப்பை ஈவது இரண்டாம் படி. உயிரையே ஈவது மூன்றாம் படி. போதிசத்துவர் சிபி வேந்தராய்ப் பிறந்தபோது, பார்வையற்ற முதியவனாய் வந்த சக்கனுக்குத் தம் இரு கண்களையும் ஈந்தார் என்கின்றது சாதகம். புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்த செம்பியனைச் சோழர் குல முன்னோனாகத் தமிழ் மரபு போற்றுகின்றது. அவர்கள் உயிருள்ள உடலையே ஈந்தனர். நம்மிடம் வேண்டப்படுவதோ, நாளை தீயில் வேகப்போகும் கண்கள்.

இலங்கையில் மருத்துவர் ஹட்சன் சில்வா 1961-இல் கண் தான சங்கத்தை நிறுவினார். அங்குள்ள பௌத்தர்கள் ஈந்த கண்கள் 1964 முதல் கடல் கடந்தும் ஒளி தந்தன. வங்கத்தில் 1977-இல் தோன்றிய கணதர்ப்பண் என்னும் அமைப்பு உடல் தானத்தை ஓர் இயக்கமாகவே வளர்த்தது. அதன் வாயிலாக 2003-இல் உறுதிமொழி அளித்த ஜோதி பாசு 2010-இல் மறைந்தபோது, அவருடைய கண்களும் உடலும் மருத்துவத்திற்கு அளிக்கப்பட்டன.

அப்படியிருந்தும் நாம் தயங்குவதேன்? மூன்று ஐயங்கள் நம்மைத் தடுக்கின்றன.

கண்ணைக் கொடுத்தால் மறுபிறப்பில் குருடராவோம் என்பது முதல் ஐயம். அங்ஙனமாயின், சுடலையில் எரிந்தோர் அனைவரும் உடலே இன்றிப் பிறத்தல் வேண்டுமன்றோ? வினையென்பது எண்ணமே என்றார் பகவர். ஈயும் எண்ணத்தின் பயன் இருளாகாது.

மூளை இறந்தாலும் உடலில் வெம்மை உள்ளதே என்பது இரண்டாம் ஐயம். ஆயுளும் வெம்மையும் அறிவும் நீங்குவதே மரணம் என்று கற்ற நமக்கு இது எளிய வினா அன்று. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இதில் எச்சரிக்கையாகவே இருக்கின்றது. நான்கு மருத்துவர் அடங்கிய குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே மூளைத்தண்டு மரணத்தை உறுதி செய்தல் வேண்டும். அதன்பின் எஞ்சுவது இயந்திரம் ஊட்டும் மூச்சும், அம்மூச்சினால் நிற்கும் வெம்மையுமே என்பது நம் துணிபு. இதனை ஏற்க மனம் ஒப்பாதவரை நாம் குறை கூறோம். அவர்கள் கண்களையேனும் ஈயலாம். இதயம் அடங்கியபின் ஆறு மணி நேரத்திற்குள் எடுக்கப்படும் கண்களில் இவ்வையத்திற்கே இடமில்லை.

தானத்தின் பெயரால் ஏழையின் உடல் விலைபோகுமோ என்பது மூன்றாம் ஐயம். ஆலைத் தொழிலில் நெடுநாள் உழன்ற நாம் இவ்வச்சத்தை நன்கறிவோம். சிறுநீரகம் விற்றோர் மிகுந்தமையால் சென்னை வில்லிவாக்கத்திற்கு ஒரு காலத்தில் இழிபெயர் வழங்கிற்று. 2025-இலும் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில், கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளரிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கினர் என்று புகார் எழுந்தது. உறுப்பு வணிகத்திற்கு 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறையும், இருபது இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. ஆயினும் சட்டம் மட்டும் போதாது. இறந்தோர் உறுப்புகள் வேண்டிய அளவு கிடைக்குமாயின், உயிரோடிருக்கும் ஏழையின் வாயிலில் தரகன் வந்து நிற்க வேண்டுவதில்லை. ஆகவே நம் தானம் நோயாளியைக் காப்பதோடு அவ்வேழையையும் காக்கும்.

கொடுப்போரை ஊக்க அரசுகளும் முனைந்துள்ளன. உயிரோடிருந்து உறுப்பு ஈயும் மத்திய அரசு ஊழியர்க்கு 42 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. இறந்து உறுப்பு ஈந்தோர்க்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று 2023-இல் தமிழக அரசு அறிவித்தது. ஸ்பெயின் நாட்டில் 1979 முதல், மறுத்துரையாதவர் இசைந்தவர் என்றே சட்டம் கொள்கின்றது. நம் நாட்டுச் சட்டமோ இசைவைக் கேட்டுப் பெறுகின்றது. கொடுக்கும் எண்ணமின்றித் தானமில்லை என்னும் நமக்கு இதுவே உவப்பானது. ஆனால் இதனால் நம் பொறுப்பு மிகுகின்றது. நாம் வாய் திறவாமல் இறப்போமாயின், நம் கருணையும் நம்மோடே எரிந்துபோம்.

இன்னொன்றும் நினைவில் வைத்தல் வேண்டும். உறுதிமொழித் தாள் மட்டும் போதாது. இறுதியில் மருத்துவர் உறவினரையே கேட்பர். அழுகுரலின் நடுவே, முன்பு கேட்டறியாத ஒன்றுக்கு அவர்கள் எங்ஙனம் விடை கூறுவர்? ஆதலின் வரும் பௌர்ணமியன்று பஞ்சசீலம் ஏற்றபின், மனைவி மக்களை அருகிருத்தி நும் விருப்பத்தைத் தெளிவாகக் கூறுங்கள். அவர்தம் விருப்பத்தையும் கேட்டறியுங்கள். உறுதிமொழித் தாளில் அவர்கள் அறியவே ஒப்பமிடுங்கள்.

உடல் நிலையாதென்று நாள்தோறும் ஓதுகின்றோம். நிலையாத அது, பிறர்க்கு ஒளியாக ஒருமுறை உதவட்டும்.

எல்லா உயிரும் நலமுறுக! நமோ புத்தாய!