முயலின் துன்பமும் நம் மருந்தும்

மூளையின் இரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்துக்கொள்வதால் பக்கவாதம் வருகிறது. அக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. என்னும் ஊசி மருந்து இன்று பல மருத்துவமனைகளில் உண்டு. 1985இல் அமெரிக்காவில் ஜஸ்டின் ஜிவின் என்பாரும் அவர்தம் குழுவினரும் முயல்களின் மூளைக்கு உறைகட்டிகளைச் செலுத்தி, பின் இம்மருந்தைக் கொடுத்துப் பயன் கண்டனர். 1995இல் வெளியான 624 நோயாளிகளின் ஆய்வு, மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றோரில் ஊனமின்றித் தேறியோர் மிகுதி எனக் காட்டியது. எனினும், கேடு விளைக்கும் மூளை இரத்தக் கசிவு 0.6 விழுக்காட்டிலிருந்து 6.4 விழுக்காடாக உயர்ந்தது.

சமையலிலும் உழவிலும் தற்காப்பிலும் நேரும் ஹிம்சை வேறு. இல்லறத்தார் அறவே விலக்க வேண்டிய சங்கல்ப ஹிம்சை வேறு. முயல் நம்மைத் தாக்க வரவில்லை. அறிந்தே, திட்டமிட்டே அதற்கு நோய் உண்டாக்கப்பட்டது. ஆகவே இது சங்கல்ப ஹிம்சையே. நன்மை கருதிச் செய்ததால் அதன் பெயர் மாறிவிடாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையைக் கட்டுவன அல்லவா? அங்ஙனமாயின், வாய் கோணிக் கிடக்கும் தந்தைக்கு அம்மருந்தைக் கேட்கும் மகள் உடன்பட்டவள் ஆவாளா?

ஆகாள் என்பதே நம் கருத்து. 'கொன்றவன் வேறு, நான் வாங்கினேன்' என்று புலால் உண்போரும் சொல்வாரே எனலாம். புலாலை வாங்குவது நாளைய கொலைக்கு இன்றே கொடுக்கும் முன்பணம். இம்மருந்தின் ஒவ்வொரு குப்பிக்கும் புதிதாய் ஒரு முயலுக்குப் பக்கவாதம் உண்டாக்க வேண்டுவதில்லை. முன்னே நிகழ்ந்ததை வருந்தி நினைந்து மருந்தை ஏற்பது அதனை விரும்புதல் ஆகாது.

நம்மை உறுத்துவது மற்றொன்று. விலங்காய்வு முடிவுகளையும் மனித ஆய்வு முடிவுகளையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2007இல் வெளிவந்தது. டி.பி.ஏ.யில் இரண்டும் ஒத்தன. டிரிலசாட் என்னும் மற்றொரு பக்கவாத மருந்தோ விலங்குகளுக்கு நன்மையும் மனிதருக்குத் தீமையும் செய்தது. விலங்காய்வுகள் பல செம்மையாக நடத்தப்படவில்லை என்றும் அது கண்டது. அவற்றில் மாண்ட உயிர்களால் யாருக்கு என்ன பயன்? இத்தகைய ஆய்வுக்கு உடன்பட எவ்வகையிலும் இடமில்லை.

நூல்களும் மாதிரிகளும் திரைப்படங்களும் போதுமான இடத்தில் விலங்குகள் மேல் சோதனை வேண்டா என்பது நம் நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டம். (ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு இவ்வரி தனி மகிழ்ச்சி.) உயிரணு வளர்ப்பு, கணினி வழிச் சோதனைகளுக்கும் 2023இல் மருந்து விதிகளில் இடம் தரப்பட்டுள்ளது. மருந்தியல் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டிய பகுதி அது.