குற்றஞ்சாட்டப்பட்டவனின் மௌனம்

சத்தியமே தர்மங்களுக்கெல்லாம் தலையாயது என்று இளமை முதல் கேட்டு வளர்ந்த ஒருவன் நம் அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தால், அதன் 20-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் சற்றே தயங்கி நிற்பான். குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தலாகாது என்று அது விதிக்கிறது. குற்றம் இழைத்தவன் வாய்மூடி இருப்பதற்குச் சட்டமே இடங்கொடுக்குமானால், உள்ளதை உள்ளபடி உரைக்க வேண்டிய கடமையிலிருந்து அவனை விடுவிப்பது தர்மத்துக்குப் பொருந்துமா என்று அவன் கேட்பது இயல்பு. அக்கேள்வி மதித்து ஆராயத்தக்கது.

அவ்விதி எந்தத் துயரத்தின் அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதை அறிய நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. சென்னை ராஜதானியில் நிகழ்ந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷன் 1855-இல் அளித்த அறிக்கை, வரியை வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் கீழ்நிலை அதிகாரிகள் கையாண்ட கொடுமைகளை எடுத்துரைக்கிறது. கிட்டி, அண்ணாந்தாள் என்னும் நம் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் அவ்வாறே ஏறியிருப்பதைக் காணும்போது நெஞ்சு குன்றுகிறது. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சிகளுக்கிடையே விரல்களை வைத்து மறுமுனையை நெருக்குவது கிட்டி. உடம்பை நிமிரமுடியாதபடி வளைத்துக் கயிற்றாலோ வதைக்கப்படுபவனின் துணியாலோ கட்டிப்போடுவது அண்ணாந்தாள். அவ்வாறு நெருக்கப்பட்டவன், எந்தச் சொல் தன் விரலை விடுவிக்குமோ அந்தச் சொல்லைச் சொல்வான். அது நடந்ததா நடவாததா என்று ஆராயும் சக்தி அப்போது அவனிடம் இராது. இந்த உண்மையை உணர்ந்தே 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், பின்னர் 1872-இன் சாட்சியச் சட்டமும், போலீஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று வகுத்தன. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி நிலைத்திருக்கிறது.

ஆயினும், வதையினால் பொய் விளையக்கூடும் என்பது மட்டுமே இவ்வுரிமைக்கு ஆதாரமாகாது. வதையினால் உண்மையே வெளிவந்தாலும் அது தர்மமாகாது என்பதே என் துணிபு. உணவு பறிக்கப்பட்டவன் நோன்பிருந்தவனாக மாட்டான். அவ்வாறே சொல் பறிக்கப்பட்டவனும் சத்தியம் உரைத்தவனாக மாட்டான். 1922 மார்ச் 18-ஆம் நாள் ஆமதாபாதில், ராஜத்துரோகக் குற்றஞ்சாட்டப்பட்டு நீதிபதி புரூம்ஃபீல்டின் முன் நின்ற காந்தியடிகள், குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு, சட்டம் அனுமதிக்கும் மிகக் கடுமையான தண்டனையை விதிக்கும்படி கேட்டு, ஆறாண்டுச் சிறையை ஏற்றார். ஏசுநாதரோ, பிலாத்துவின் முன் தம்மீது சாட்டப்பட்ட குற்றங்களுக்கு மறுமொழி கூறாமல் நின்றார். ஒருவர் பேசியதும் மற்றவர் பேசாதிருந்ததும் ஒருங்கே நம் வணக்கத்துக்குரியவையாக இருப்பதற்குக் காரணம், இரண்டும் பயத்தால் பிறவாமல் சுதந்திரமான ஆத்மாவிலிருந்து பிறந்தவை என்பதே.

நம் சட்டத்தில் இந்தத் தத்துவம் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் மாஜிஸ்திரேட்டின் அறை. குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒருவன் அங்கே கொண்டுவரப்பட்டால், ஒப்புக்கொண்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் அவனுக்கு இல்லையென்றும், ஒப்புக்கொண்டால் அச்சொல் அவனுக்கே எதிரான சாட்சியமாகலாம் என்றும் மாஜிஸ்திரேட் முதலில் அவனுக்கு விளக்கவேண்டும். அவன் தன் விருப்பத்துடன்தான் பேசுகிறான் என்று தாம் நம்பிய பின்னரே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதத் தொடங்குமுன் "எனக்கு விருப்பமில்லை" என்று அவன் சொல்லிவிட்டால், அவனைப் போலீஸ் காவலில் வைக்க அவர் அனுமதிக்கவே கூடாது. மறுத்தவன் மறுத்த காரணத்தால் மீண்டும் அடிபடக்கூடாது என்ற கருணை அந்த விதியில் இருக்கிறது.

குற்றஞ்சாட்டியவரே நிரூபிக்கவேண்டும் என்ற நியாயம் நமக்குப் புதிதன்று. சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர், 'இவன் எனக்கு அடிமை' என்று வழக்கிட்டபோது, திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் நிரூபிக்கும் பாரத்தை அவர்மீதே வைத்தார்கள். அவர் கொணர்ந்த மூல ஓலையை வாங்கி, அதிலிருந்த கையெழுத்தைச் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் எழுத்துடன் ஒப்பிட்டுத் திருப்தியடைந்த பிறகே தீர்ப்புக் கூறினார்கள். வழக்கிட்டவர் சாட்சாத் சிவபெருமான் என்கிறது பெரிய புராணம். இறைவனே வாதியாக வந்தும் பிரமாணம் கேட்ட சபை நம்முடையது; சாதாரண மனிதர்கள் கொணரும் குற்றச்சாட்டுக்கு அதனினும் குறைவான பிரமாணம் போதும் என்று நாம் எவ்வாறு சொல்லக்கூடும்?

ஓலையைப் பார்க்கலாம், உள்ளத்தைப் பிளக்கலாகாது என்ற எல்லையை நம் உச்ச நீதிமன்றமும் வகுத்திருக்கிறது. விரல் ரேகையும் கையெழுத்து மாதிரியும் தரச்செய்வது ஒருவனைத் தனக்கெதிரான சாட்சியாக்குவதாகாது என்று 1961-இல் கூறிய அந்நீதிமன்றமே, மருந்தைச் செலுத்தி மயக்கத்தில் பேசவைக்கும் சோதனையைச் சம்மதமின்றி நடத்தலாகாது என்று 2010-இல் தீர்ப்பளித்தது.

கொலையுண்டவனின் மனைவியும், பொருளிழந்த ஏழையும், 'எங்களுக்கு நியாயம் எங்கே?' என்று கேட்பார்கள். அவர்களுடைய கண்ணீருக்கு மறுமொழி சொல்லாத தத்துவம் பயனற்றது. ஆனால், அடித்துப் பெற்ற ஒப்புதலால் நிரபராதி ஒருவன் சிறை சென்றால், உண்மைக் குற்றவாளி ஊரில் உலவுகிறான். அழுதவர்களுக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதி அது. மேலும், மௌனமாக இருக்க உரிமையுண்டு என்பதனால் பொய் சொல்ல உரிமையுண்டு என்றாகாது. பேசாதிருக்கலாம், பேசினால் மெய்யே பேசவேண்டும்.

இவ்வுரிமைகள் அறியாதவனுக்கு இல்லாதவையே ஆகிவிடுகின்றன. கைது செய்யும்போது காரணத்தைச் சொல்லவேண்டும். தான் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ளக் கைதானவனுக்கு உரிமையுண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். மௌன உரிமை போலீஸ் விசாரணைக்கும் உண்டு என்பதை 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் நிலைநாட்டினார். சாட்சியின் கையொப்பத்துடன் கைதுக் குறிப்பு எழுதவேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கவேண்டும் என்று டி. கே. பாசு வழக்கின் தீர்ப்பு 1996-இல் கட்டளையிட்டது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கவேண்டியதில்லை. காவலில் உள்ளவருக்கு வருமானத்தைப் பாராமல் இலவசச் சட்ட உதவி அளிக்கவேண்டும் என்பது 1987-இல் இயற்றப்பட்ட சட்டம். இவை யாவும் எழுதப்பட்டிருந்தும், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலுக்கு உட்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்ததை இந்நாடு கண்டது. சட்டப் புத்தகத்தின் நீதி காவல் நிலையத்தின் வாசலைத் தாண்டவேண்டுமானால், அதைக் கேட்டுப் பெறத் தெரிந்த மக்கள் வேண்டும்.

ஆகையால், நீதி நூல்களைக் கற்பிக்கும் பள்ளிகளிலும், புராணம் நடக்கும் கோயில் மண்டபங்களிலும் இவ்வுரிமைகளை எடுத்துச் சொல்வது தர்மப் பிரசாரமே ஆகும். தவறு செய்தவன் தன் தவற்றை உணர்ந்து, இறைவன் முன்னும் மனிதர் முன்னும் அதைச் சொல்லிப் பிராயச்சித்தம் தேடுவதைக் காட்டிலும் உயர்ந்தது வேறில்லை. அந்த உயர்வு அவனுக்குக் கிட்டவேண்டுமானால், சொல்லாதிருக்கவும் அவனுக்கு உரிமை இருந்தாக வேண்டும்.